ஃபயர்வால் எந்த லேயரில் வேலை செய்கிறது? அடிக்கடி வரும் சந்தேகங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். டிப்ளமோ, பி.இ. படிக்கிற பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் சந்தேகம் கேட்பார்கள். கடைக்காரர்கள் பணம் கட்டுவதற்கு முந்தின நாள் கேட்பார்கள். இரண்டு கூட்டமும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்துக்குத்தான் வருகிறது: ஃபயர்வால் எந்த லேயர்? நெட்வொர்க்கில் போகிற பாக்கெட்டுகளில், அதாவது டேட்டா பொட்டலங்களில், எதை விடலாம் எதைத் தடுக்கலாம் என்று பார்ப்பது ஃபயர்வால். நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலில் ஓர் அடுக்கு லேயர். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

1. அண்ணே, ஃபயர்வால் எத்தனாவது லேயர்? ஒரு மார்க் கேள்வி, ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க.

ஒரே நம்பர் கிடையாது மக்கா. வகைக்கு ஏற்ப மாறும். பரீட்சைக்கு இப்படி எழுது: பாக்கெட் ஃபில்டர் 3-வது லேயர், 4-ஐயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், ஸ்டேட்ஃபுல் 3, 4, சர்க்யூட் லெவல் கேட்வே 5, பிராக்ஸி ஃபயர்வால் 7.

பரீட்சை முடிந்த பிறகும் மறக்கக் கூடாதது வேறு. அந்தப் பெட்டி ஒரு பாக்கெட்டை எவ்வளவு ஆழம் வரை பிரித்துப் படிக்கிறது என்பதைத்தான் லேயர் நம்பர் சொல்கிறது. அது படிக்காத இடத்தைப் பற்றி அதற்கு ரூல் போட முடியாது. ஐபி முகவரியை மட்டும் படிக்கிற பெட்டியிடம் போய் ‘யூடியூபில் வீடியோ மட்டும் வேண்டாம், மற்ற கூகுள் எல்லாம் இருக்கட்டும்’ என்றால் அது என்ன செய்யும்?

2. ஏழு லேயரையும் மனப்பாடம் பண்ணணுமா?

பரீட்சைக்கு வேண்டும், வேலைக்கு வேண்டாம். ஓஎஸ்ஐ மாடல் 1984-ல் ஐஎஸ்ஓ 7498 என்ற தரமாக வெளிவந்தது. இன்டர்நெட் ஓடுவதோ டிசிபி/ஐபி அடுக்கில். 1989-ல் வந்த ஆர்எஃப்சி 1122 (ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) அதற்கு நான்கு லேயர்தான் சொல்கிறது. ஃபயர்வால் வேலைக்கு 2 (ஸ்விட்ச்), 3 (ஐபி முகவரி), 4 (போர்ட்), 7 (அப்ளிகேஷன்) தெரிந்தால் தாராளம். 5-ம் 6-ம் நடைமுறையில் தனியாகப் பிரிந்து கிடப்பதில்லை. எச்டிடிபிஎஸ் சைட்டுகளைப் பூட்டுகிற டிஎல்எஸ் ஐந்தா ஆறா என்று சண்டை போடுகிறவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடலாம்.

3. பாக்கெட் ஃபில்டர் லேயர் 3-ன்னு புக்ல போட்டிருக்கு. ஆனா அது போர்ட் நம்பரும் பாக்குதே, அப்ப 4 தானே?

நீ சொல்வது சரி. ஐபி ஹெட்டர் குறைந்தது 20 பைட். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, உள்ளே இருப்பது தொடர்பு போட்டுப் பேசும் டிசிபியா (எண் 6), தொடர்பு போடாமல் அனுப்பும் யுடிபியா (17), பிங்கும் பிழைச் செய்தியும் போகும் ஐசிஎம்பியா (1) என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இதுவரை லேயர் 3. அதை ஒட்டி வரும் டிசிபி அல்லது யுடிபி ஹெட்டரின் முதல் நான்கு பைட்டில் இரண்டு போர்ட் எண்கள் இருக்கும், இரண்டு முனையிலும் எந்த புரோகிராமுக்கான தொடர்பு என்று பிரித்துக் காட்டுபவை. அது லேயர் 4. பாக்கெட் ஃபில்டர் அந்த நான்கு பைட்டையும், டிசிபியாக இருந்தால் தொடர்பைத் தொடங்கும் சின் (SYN) மாதிரி ஒன்றிரண்டு கொடிகளையும் பார்த்துவிட்டு நின்றுவிடும். ராவுட்டரில் எழுதுகிற ஆக்சஸ் லிஸ்ட்டாகப் பிறந்தது என்பதால் புத்தகங்கள் அதை 3-லேயே வைத்துவிடுகின்றன.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பெரிய பாக்கெட் துண்டாகி வந்தால் போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருக்கும். அடுத்த துண்டுகளைப் பார்க்கும்போது பாக்கெட் ஃபில்டருக்குப் போர்ட்டே தெரியாது. விடவும் முடியாது, தடுக்கவும் முடியாது. பழைய காலத்துத் தாக்குதல்களில் சில இந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்தன. இப்போதைய ஃபயர்வால்கள் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே முடிவு எடுக்கின்றன.

4. ஸ்டேட்ஃபுல்லும் அதே 3, 4 தானே? அப்ப என்னத்துக்கு தனிப் பேரு?

படிக்கிற ஆழம் கிட்டத்தட்ட அதேதான். கூடுதலாக இருப்பது ஞாபகம். கடைக்குள்ளிருந்து ஒருவர் ஒரு சைட்டைத் திறக்கிறார். கேள்வி வெளியே 443 போர்ட்டுக்குப் போகிறது. பதில் 51834 மாதிரி ஏதோ ஓர் உயர்ந்த போர்ட்டுக்குத் திரும்பி வருகிறது. ஞாபகமில்லாத பாக்கெட் ஃபில்டரில் அந்தப் பதிலை உள்ளே விட வேண்டுமானால் 1024-லிருந்து 65535 வரை மொத்தத்தையும் திறந்து வைக்க வேண்டியிருக்கும். ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால் போன கேள்வியை ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கான பதிலை மட்டும் விடும். 1994-ல் செக் பாயிண்ட் நிறுவனம் ஃபயர்வால்-1 என்று இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லினக்ஸில் 2001-ல் 2.4 கெர்னலோடு வந்த ஐபிடேபிள்ஸ் இந்த வசதியைச் செலவில்லாமல் எல்லார் கைக்கும் கொடுத்தது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஆயுள் உண்டு. லினக்ஸில் ஒரு டிசிபி தொடர்பு சும்மா கிடந்தாலும் 432000 விநாடி, அதாவது ஐந்து நாள், பட்டியலில் இருக்கும். யுடிபிக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது என்பதால் ஃபயர்வால் ஒரு கணக்குக்குத் தொடர்பு மாதிரி எழுதி வைக்கும். பதில் வராத யுடிபிக்கு 30 விநாடிதான். ‘ஐபி போன்ல வெளியே கூப்பிட முடியுது, கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளே கால் வர மாட்டேங்குது’ என்று ஒரு ஜவுளிக் கடையிலிருந்து புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த ஆயுளைத்தான். போன் செட்டிங்கில் கீப் அலைவை (தொடர்பு அறாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி) 20 விநாடியாக வைத்தால் பல இடங்களில் அதோடு சரியாகிவிடும்.

5. களியக்காவிளை செக்போஸ்ட் மாதிரின்னு எங்க சார் சொன்னாரு. சரியா சாரே?

பாதி தூரம் சரி. வண்டி நம்பரை மட்டும் பார்த்து விடுவது பாக்கெட் ஃபில்டர். தார்ப்பாயை அவிழ்த்துச் சரக்கைப் பார்ப்பது லேயர் 7. ஆனால் ஸ்டேட்ஃபுல்லுக்கு இந்த உதாரணம் ஒத்துவராது. காலையில் போன எந்த வண்டிக்குப் பதிலாக இது திரும்புகிறது என்று செக்போஸ்ட்டில் யாரும் கணக்கு வைப்பதில்லை. பிராக்ஸிக்கு இன்னும் மோசம்: அங்கே சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

6. சர்க்யூட் லெவல் கேட்வேன்னு ஒண்ணு படிச்சோம். நேர்ல யாராவது பாத்திருக்காங்களா?

பார்த்திருப்பாய், பெயர் தெரிந்திருக்காது. சாக்ஸ் பிராக்ஸி அந்த வகைதான். 1996-ல் ஆர்எஃப்சி 1928-ஆக அதன் ஐந்தாம் பதிப்பு வந்தது. வழக்கமான போர்ட் 1080. உன் கம்ப்யூட்டர் நேராக வெளியே போகாமல் கேட்வேயிடம் ‘இந்த முகவரிக்கு ஒரு தொடர்பு போட்டுக் கொடு’ என்று கேட்கும். அது அனுமதி பார்த்து, தன் பெயரில் தொடர்பு போட்டு, பிறகு இரண்டு பக்கமும் பைட்டுகளை அப்படியே மாற்றி ஊற்றும். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று படிக்காது. யார், யாரோடு பேசலாம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. அதனால்தான் 4-க்கு மேலே, 7-க்குக் கீழே, 5 என்று வைத்தார்கள். தனிப் பெட்டியாக இப்போது யாரும் விற்பதில்லை.

7. பிராக்ஸி ஃபயர்வால் எதுல வித்தியாசம்?

ஸ்டேட்ஃபுல்லில் கிளையண்டும் சர்வரும் நேருக்கு நேர் பேசும், ஃபயர்வால் இடையில் நின்று ஒட்டுக் கேட்கும். பிராக்ஸியில் இரண்டு தனித் தொடர்புகள்: கிளையண்ட்டிலிருந்து பிராக்ஸிக்கு ஒன்று, பிராக்ஸியிலிருந்து சர்வருக்கு ஒன்று. பிராக்ஸிக்கு எச்டிடிபி மொழியே தெரியும். எந்தப் பக்கம், எந்த ஃபைல், கெட் கோரிக்கையா போஸ்ட்டா என்று பார்த்து முடிவு எடுக்கும். ஸ்குவிட் இதற்கு நல்ல உதாரணம். 3128 போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்.

வேகம் குறையும் என்பது ஒரு குறை. இன்னொன்று, தெரியாத மொழியைப் பிராக்ஸியால் கையாள முடியாது. எச்டிடிபி பிராக்ஸியிடம் பில்லிங் சாஃப்ட்வேரின் சொந்த புரோட்டோகாலைக் கொடுத்தால் விழிக்கும்.

8. நெக்ஸ்ட் ஜெனரேஷன்னு விக்கிறாங்களே, அது லேயர் 8-ஆ?

கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் அப்படியே சொல்லி விற்ற நிறுவனமும் உண்டு. அகமதாபாத்தில் தொடங்கிய சைபரோம், பெட்டியைப் பயன்படுத்தும் ஆளையே ‘லேயர் 8’ என்று வைத்து, ஐபிக்குப் பதில் ஆள் பெயரில் ரூல் போடும் வசதியை விளம்பரப்படுத்தியது. 2014-ல் சோஃபோஸ் அதை வாங்கிவிட்டது. ஓஎஸ்ஐயில் எட்டாவது லேயர் கிடையாது. பரீட்சையில் எழுதி வைக்காதே.

நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்பது ஸ்டேட்ஃபுல்லின் மேல் மாடி. 3, 4-ல் எப்போதும்போல் பட்டியல் வைக்கும். அதோடு உள்ளே ஓடுவது எந்த அப்ளிகேஷன் என்று போர்ட்டை நம்பாமல் அடையாளம் பார்க்கும். பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் 2007-ல் இந்த வகைப் பெட்டியை இறக்கியது. 443-ல் பேங்க் சைட்டும் போகும், டோரண்டும் போகும், வாட்ஸ்அப்பும் போகும் என்றான பிறகு போர்ட் எண்ணை மட்டும் பார்ப்பதில் அர்த்தம் குறைந்துபோனது. ‘லேயர் 7 ஃபயர்வால்’ என்று விற்பதற்கு 7-ல் மட்டும் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. 7 வரை படிக்கிறது என்று அர்த்தம்.

9. எச்டிடிபிஎஸ்-ல எல்லாமே பூட்டிக் கெடக்கே. அப்ப லேயர் 7 ஃபயர்வால் எதைத்தான் படிக்கும்?

இதுதான் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலோர் வாங்கின பிறகு கேட்கிறார்கள். பூட்டு விழுவதற்கு முன் கொஞ்சம் வெளியே தெரியும். தொடர்பின் முதல் செய்தியில் எஸ்என்ஐ என்று போக வேண்டிய சைட்டின் பெயர் திறந்தபடியே போகும். அதற்கு முன் சைட் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி 53 போர்ட்டில் பெரும்பாலும் பூட்டில்லாமல் போகும். டிஎல்எஸ் 1.2 வரை சர்வரின் சர்ட்டிபிகேட்டும் தெரியும். 2018-ல் வந்த 1.3-ல் அது மறைந்துவிட்டது. ஆகவே ‘எந்த சைட்’ என்று தெரியும், ‘அந்த சைட்டில் எந்தப் பக்கம், என்ன டவுன்லோட்’ என்று தெரியாது. எஸ்என்ஐயையும் மறைக்கிற ஏற்பாடு புதிய பிரௌசர்களில் வந்துகொண்டிருக்கிறது.

உள்ளே முழுவதும் பார்க்க வேண்டுமானால் டிஎல்எஸ் இன்ஸ்பெக்‌ஷனை இயக்க வேண்டும். 7-வது கேள்வியில் சொன்ன பிராக்ஸி வேலைதான்: ஃபயர்வால் நடுவில் பூட்டைத் திறந்து, படித்து, மறுபடி பூட்டி அனுப்பும். இதற்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஃபயர்வாலின் ரூட் சர்ட்டிபிகேட்டை (ஃபயர்வால் போடும் பூட்டை நம்பச் சொல்லும் சான்று) ஏற்ற வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சரி. லாட்ஜுக்கு வருகிற விருந்தாளியின் போனில் ஏற்ற முடியுமா? ஏற்றச் சொல்லவும் கூடாது. ஆபீஸிலும் பேங்க், ஆஸ்பத்திரி சைட்டுகளை விலக்கு பட்டியலில் போடுவது மரியாதை. சில பேமெண்ட் ஆப்கள் தங்களுக்குத் தெரிந்த சர்ட்டிபிகேட்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது. இன்ஸ்பெக்‌ஷன் போட்டதும் கவுண்டரில் பணம் வாங்குவது நின்றுவிடும்.

இன்னொன்று க்விக் (QUIC), பிரௌசர்கள் பயன்படுத்தும் புது புரோட்டோகால். 2021-ல் ஆர்எஃப்சி 9000-ஆக வந்த இது டிசிபியை விட்டு யுடிபி 443-ல் ஓடுகிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத பெட்டிகள் இன்னும் புழக்கத்தில் உண்டு. அங்கே யுடிபி 443-ஐ வெளியே போகவிடாமல் தடுத்தால் பிரௌசர் தானாகவே டிசிபிக்கு இறங்கிவரும். 7-வது லேயரில் படிக்க முடியாத ஒன்றுக்கு 4-வது லேயரில் ஒரு ரூல்.

10. வெப் அப்ளிகேஷன் ஃபயர்வாலும் இதுவும் ஒண்ணா?

இல்லை. 8-வது கேள்வியில் சொன்னது உள்ளே இருப்பவர்கள் வெளியே போவதைக் கவனிப்பது. வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் வெளியே இருந்து உன் வெப்சைட்டுக்கு வருகிற கோரிக்கைகளில் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (டேட்டாபேஸுக்குள் கட்டளையைத் திணிப்பது) மாதிரி விஷமம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதுவும் லேயர் 7தான், ஆனால் சர்வருக்கு முன்னால் நிற்க வேண்டியது. கன்னியாகுமரியில் லாட்ஜ் இருந்து, புக்கிங் சைட் வேறு ஊர் டேட்டா சென்டரில் இருந்தால், லாட்ஜ் ரிசப்ஷனில் அதை வாங்கி மாட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

11. லேயர் 2-ல ஃபயர்வால் உண்டா? எங்க நெட்வொர்க்ல அதுக்கு வேலை இருக்கா?

உண்டு. பிரிட்ஜ் மோடில் வைத்தால் ஃபயர்வாலுக்கு அந்தப் பாதையில் ஐபியே தேவையில்லை. கேபிளை வெட்டி நடுவில் சொருகிய மாதிரி நிற்கும். நிற்பது 2-ல், படிப்பது 3, 4, 7-ல். நிற்கிற இடமும் படிக்கிற ஆழமும் வேறு வேறு.

ஆனால் சின்ன நெட்வொர்க்குகளில் லேயர் 2 வேறு விதத்தில் காலை வாரும். ஒரே ஸ்விட்சில் மாட்டிய இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது ஃபயர்வால் பக்கமே வராது. பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி டிவிஆர், விருந்தாளி வைஃபை மூன்றும் ஒரே ஸ்விட்சில் கிடக்கிற இடங்களை நான் நிறையப் பார்க்கிறேன். வாசலில் எவ்வளவு விலைக்கு ஃபயர்வால் இருந்தாலும், வைஃபையில் ஏறிய ஒரு லேப்டாப்பிலிருந்து பில்லிங் கம்ப்யூட்டருக்குப் போவதை அது பார்க்காது. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது 445 போர்ட்டில். ஒரு கம்ப்யூட்டரில் புகுந்த பிறகு உள்ளுக்குள்ளேயே தாவியதால்தான் ஆபீஸ் ஆபீஸாக முடங்கின.

தீர்வு விஎல்ஏஎன் பிரிப்பதுதான், அதாவது ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க் மாதிரி பிரிப்பது. மூன்றையும் தனி விஎல்ஏஎன்களில் போட்டு, அவற்றுக்கு இடையேயான போக்குவரத்து ஃபயர்வால் வழியாக மட்டும் போகும்படி வைத்தால், சாதாரண ஸ்டேட்ஃபுல்லே இதைத் தடுத்துவிடும். ஏஆர்பி (ஒரு ஐபிக்கு உரிய மேக் அட்ரஸைக் கேட்டறிவது) ஏமாற்று, போலி டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும்) சர்வர் இரண்டும் ஸ்விட்ச் தடுக்க வேண்டிய வேலை. மேக் அட்ரஸ், அதாவது நெட்வொர்க் கார்டின் முகவரி, பார்த்து விடும் ஃபில்டரை மட்டும் நம்பாதீர்கள். அதை மாற்றுவது எளிது.

12. ராவுட்டர்லயே நாட் இருக்கு. வெளியேயிருந்து யாரும் உள்ளே வர முடியாதுல்லா, அது போதாதா?

நாட் 3, 4-ல் முகவரியையும் போர்ட்டையும் மாற்றுகிற வேலை. மாற்றுவதற்குப் பட்டியல் வைக்க வேண்டியிருப்பதால், 4-வது கேள்வியில் சொன்ன ஸ்டேட்ஃபுல் மாதிரி ஒரு பக்கவிளைவு பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் யுபிஎன்பி (கருவிகள் தாங்களே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற ஒரு கேமராவே ராவுட்டரைக் கேட்டு வெளி போர்ட்டைத் திறந்துகொள்ளும். வெளியே போகிற எதையும் நாட் தடுக்காது.

இப்போதைய ஐபிவி4-க்கு அடுத்த முகவரி முறையான ஐபிவி6 வந்தால் கதையே மாறும். ஒவ்வொரு கருவிக்கும் நேரடி பப்ளிக் முகவரி கிடைக்கும், நாட் இருக்காது. ராவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஐபிவி4-க்கு எழுதிய ரூல் ஐபிவி6-க்குத் தானாகச் செல்லும் என்று எல்லாப் பெட்டியிலும் எதிர்பார்க்கக் கூடாது.

13. பிங் ஆபத்துன்னு ஐசிஎம்பி முழுசா அடைச்சேன். இப்ப சில சைட் பாதி லோடாகி நிக்குது. ஏன்ணே?

ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇயில் (யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) வந்தால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் அதற்குப் போகும். 1500 போக வேண்டிய இடத்தில் 1492தான் போகும். வழியில் ஒரு ராவுட்டருக்குப் பாக்கெட் பெரிதாக இருந்தால், ‘துண்டாக்காமல் அனுப்ப முடியாது, சின்னதாக அனுப்பு’ என்று ஐசிஎம்பியில் வகை 3, குறியீடு 4 செய்தி அனுப்பும். நீ அதையும் சேர்த்து அடைத்துவிட்டாய். சின்னப் பாக்கெட் எல்லாம் போகும். அதனால் சைட் திறக்கும். பெரிய பாக்கெட் தொலையும். அனுப்பியவனுக்குக் காரணம் தெரியாது.

பிங்குக்கான எக்கோவை வேண்டுமானால் அடை, மற்றதை விடு. கூடவே டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1452-க்கு இறக்கி வை. ஐபிவி6-ல் இன்னும் கண்டிப்பு: அங்கே வழி ராவுட்டர்கள் துண்டாக்கவே செய்யாது, ‘பாக்கெட் பெரிது’ செய்தியை அடைத்தால் பிழைப்பு ஓடாது.

14. விண்டோஸ் ஃபயர்வால் போட்டிருக்கேனே, அது எந்த லேயர்?

அதுவும் 3, 4 ஸ்டேட்ஃபுல்தான். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-ல் தானாகவே இயங்கும்படி வந்தது. வாசல் பெட்டிக்குத் தெரியாத ஒன்று இதற்குத் தெரியும்: பாக்கெட்டை அனுப்பியது எந்த புரோகிராம் என்று. 11-ல் சொன்ன ஒரே ஸ்விட்ச் தாவலையும் இது தடுக்கும். பில்லிங் சாஃப்ட்வேர் போட வருகிறவர்கள் ‘அதை ஆஃப் பண்ணிடுங்க, அப்பத்தான் ஓடும்’ என்பார்கள். ஒரு போர்ட்டைத் திறந்தால் ஓடும். ஆஃப் செய்ய விடாதீர்கள்.

15. கடையில அஞ்சாறு கம்ப்யூட்டர்தான். பெரிய விலையில லேயர் 7 பெட்டி வாங்கணுமா?

முதலில் விஎல்ஏஎன் பிரித்து, உள்ளே வரும் போர்ட்டுகளை எல்லாம் மூடி, யுபிஎன்பியை அணைத்து, விண்டோஸ் ஃபயர்வாலை இயக்கி வையுங்கள். இது 2-லிருந்து 4 வரை உள்ள வேலை, செலவு சொற்பம். அதற்குப் பிறகும் ஊழியர்கள் எந்த ஆப் பயன்படுத்துகிறார்கள் என்று கட்டுப்படுத்த வேண்டிய தேவை இருந்தால், 9-ல் சொன்ன இன்ஸ்பெக்‌ஷனை நடத்த ஆள் இருந்தால், வாங்கலாம்.

வாங்கினால் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘ஃபயர்வால் த்ரூபுட்’டைப் பார்க்காதீர்கள். அது 4 வரை படிக்கும்போது வருகிற வேகம். 7 வரை எல்லாம் இயங்கும்போது என்ன வேகம் என்பது வேறு வரியில், சின்ன எண்ணாக இருக்கும். லைசென்ஸ் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்காமல் விட்டால் லேயர் 7 பாதுகாப்பு ஒன்று நின்றுபோகும், இல்லையென்றால் பழைய பட்டியலிலேயே ஓடும். கையில் மிஞ்சுவது விலை கூடின ஸ்டேட்ஃபுல் பெட்டி. லாகை, அதாவது ஃபயர்வால் எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவை, எங்கே சேமிக்கிறது என்றும் கேளுங்கள். சின்னப் பெட்டிகளில் கரண்ட் போனால் லாகும் போய்விடும். மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு நிறுவனங்களை லாகை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது.

16. ஏதோ ஒண்ணு அடைபடுது. எந்த லேயர்ல அடைபடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

கீழிருந்து மேலே போ. கேட்வேக்கு ஏஆர்பி பதில் வருகிறதா? வராவிட்டால் 2-ல் கோளாறு, ஃபயர்வாலைத் திட்டாதே. அடுத்து பிங், வராவிட்டால் 3-ல் சந்தேகம், ஆனால் 13-ல் சொன்ன மாதிரி யாராவது எக்கோவை மட்டும் அடைத்திருக்கலாம். பிறகு பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கொடுத்து போர்ட்டைத் தட்டிப் பார். பதிலே இல்லாமல் காத்திருந்து தோற்றால் பெரும்பாலும் நடுவில் யாரோ சத்தமில்லாமல் தூக்கிப் போடுகிறார்கள். உடனே மறுப்பு வந்தால் சர்வரில் அந்தச் சேவை ஓடவில்லை, அல்லது ஃபயர்வால் ரிஜெக்ட் என்று எழுதப்பட்டிருக்கிறது.

போர்ட் திறந்து, டிஎல்எஸ் தொடங்கியதும் அறுந்தால் எஸ்என்ஐ பார்த்து யாரோ வெட்டுகிறார்கள்: லேயர் 7. எச்டிடிபி சைட் என்றால் ‘தடை செய்யப்பட்டது’ என்று ஃபயர்வாலின் பக்கமே வரும். எச்டிடிபிஎஸ் சைட்டில் அந்தப் பக்கம் நேராக வராது. ரூட் சர்ட்டிபிகேட் ஏற்றாத கம்ப்யூட்டரில் ‘உங்கள் தொடர்பு பாதுகாப்பானது அல்ல’ என்ற பிரௌசர் எச்சரிக்கையாகத்தான் தெரியும். அதில் சர்ட்டிபிகேட்டைத் திறந்து, வழங்கியவர் பெயரில் ஃபயர்வால் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா பார்.